காராமணிப் பானையும் வெள்ளைச் சட்டையும்

காராமணி வேகும்போது நிமிஷத்துக்கொரு தரம் மூடியைத் திறந்து பார்ப்பவர்களை எனக்குப் பிடிக்காது. வேகிறது வேகட்டும். எட்டிப் பார்த்தால் சீக்கிரம் வெந்துவிடுமா என்ன? என் தம்பி லெமுவல் அப்படிப்பட்டவன்தான். சின்ன வயதிலிருந்தே அடுப்படிக்கு வந்தால் கை சும்மா இருக்காது. மூடியைத் தூக்குவான், ஆவி முகத்தில் அடிக்கும், ஐயோ என்று போடுவான், நான் கரண்டியால் கையில் ஒன்று வைப்பேன். ஐம்பத்தைந்து வயதாகியும் அந்தப் பழக்கம் அவனை விடவில்லை. அன்றைக்கு அவன் சட்டையில் கறை பட்டதே அதனால்தான்.

தொண்ணூற்றெட்டாம் வருஷத்துப் புத்தாண்டு நாள் அது. அட்லாண்டாவுக்குக் கிழக்கே, கடலோரத்தில் கறுப்பர்கள் வாழும் எங்கள் தீவில் அன்றைக்கு எந்த வீட்டில் நுழைந்தாலும் காராமணிச் சோறும் காலர்ட் கீரையும் சோள ரொட்டியும்தான் இருக்கும். காராமணி சில்லறைக் காசு, கீரை நோட்டு. இரண்டையும் வயிறு முட்டத் தின்றால் வருஷம் முழுக்கக் கையில் காசு புரளும் என்பார்கள். அறுபத்தொரு வருஷமாகத் தின்கிறேன், ஒன்றும் புரண்டபாடில்லை. ஆனாலும் சமைக்காமல் இருக்க எனக்குத் தைரியம் கிடையாது.

முந்தின நாளே காராமணியைப் பொறுக்கி ஊறப் போட்டிருந்தேன். கடையில் பை பையாக விற்கிறார்களே, பெரிசு பெரிசாக, கருப்புக் கண்ணோடு, அது இல்லை. இது எங்கள் வீட்டுக்குப் பின்னால் விளைவது. கண் கருப்புதான், ஆனால் உடம்பு கொஞ்சம் மங்கல், அளவில் பாதி, ருசியில் இரண்டு பங்கு. ஜூலை என்பது என் அப்பாவின் பேர். அவருடைய தாத்தா, அடிமைத்தனம் ஒழிந்த கையோடு இந்தப் பதினோரு ஏக்கரை வாங்கினார். அன்று அவர் போட்ட விதை. அதற்கப்புறம் ஒரு வருஷம்கூட இந்த வீட்டில் யாரும் வெளியே விதை வாங்கினதில்லை.

வருஷம் முழுக்க எனக்குக் கேஸ் அடுப்புதான். புத்தாண்டுப் பானைக்கு மட்டும் அம்மாவின் பழைய இரும்பு விறகடுப்பு. அதைப் பற்றவைக்க அந்தத் தடவை நல்ல சுள்ளி கிடைத்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஓடைப் பக்கம் போனபோது தரையில் ஒரு குச்சி அடித்திருந்தது. சீவிய புதுக் குச்சி, தலையில் இளஞ்சிவப்பு ரிப்பன். மான் வேட்டைக்கு வந்த எவனோ அடையாளத்துக்கு அடித்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்துப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். காய்ந்த பைன் மரம், பிளந்து வைத்ததும் குபுக்கென்று பிடித்துக்கொண்டது. ரிப்பன் நன்றாக இருந்தது, தூக்கிப் போட மனசு வரவில்லை. விதைக் காராமணி ஜாடியின் வாயில் துணி போட்டு அதைக்கொண்டு கட்டி வைத்தேன்.

பானையில் புகை போட்ட பன்றித் தாடை ஒன்று, வெங்காயம், காய்ந்த மிளகாய், அப்புறம் காராமணி. தண்ணீர் நாலு விரல்கடை மேலே நிற்க வேண்டும். கொதி வந்ததும் நெருப்பைத் தணித்து மூடிவிட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் வாசலில் வாஷ்டியின் குரல் கேட்டது.

வாஷ்டிக்கு எதிர் வீடு. நானும் அவளும் ஒரே வருஷம் பிறந்தவர்கள், அடுத்தடுத்து விதவையானவர்கள். அவளிடம் நான் மறைத்தது எதுவும் இல்லை, அவள் என்னிடம் மறைத்ததும் எனக்குத் தெரியும்.

"அர்லீதா! ஏ அர்லீதா! கதவத் தெறடி."

"அங்கயே நில்லு. உள்ள கால வச்ச, ஒடிச்சிருவேன்."

"ஆமா, தெனம் ரெண்டு வேள ஒன் காப்பியக் குடிக்கிறப்ப ஒட்டாத பீடை இன்னைக்கு ஒட்டிக்குமாக்கும்."

"தெனம் ஒட்டாது, இன்னைக்கு ஒட்டும். மொத ஆளு ஆம்பளயா இருக்கணும்னு ஒனக்குத் தெரியாதா? ஒன் வீட்டுக்கு யாரு வந்தா?"

"எம் மருமகனப் பின் கதவு வழியா வெரட்டிட்டு, முன் கதவு வழியாக் கூப்பிட்டேன். வெறும் பனியனோட நடுங்கிக்கிட்டே வந்தான் பாவம்."

சிரித்துவிட்டேன். என் புருஷன் ரான்சம் இருந்தவரைக்கும் அப்படித்தான் செய்வான். புத்தாண்டு காலையில் முதலில் வாசல்படி தாண்டுவது ஆணாக இருந்தால்தான் அந்த வருஷம் வீட்டுக்கு நல்லது. பெண் தாண்டினால் போச்சு. அவன் போன பிறகு எட்டு வருஷமாக லெமுவல்தான் அதற்காகவே அட்லாண்டாவிலிருந்து ஐந்து மணி நேரம் காரோட்டிக்கொண்டு வருகிறான். அவன் வரும்வரை நானும் வெளியே போக மாட்டேன். போனால் திரும்பி வரும்போது நானே முதல் ஆளாகிவிடுவேனே. இதற்குப் பயந்து பழைய வருஷத்துக் கடைசி ராத்திரி சர்ச்சுக்குப் போவதைக்கூட விட்டுவிட்டேன். சகோதரி அர்லீதா ஆண்டவரைவிடத் தன் தம்பியை நம்புகிறார் என்று பாஸ்டர் எல்லார் முன்னாலும் கிண்டல் பண்ணுவார்.

"நான் வெளயாடலடி" என்றாள் வாஷ்டி. கம்பி வலைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவளின் முகம் சரியாகத் தெரியவில்லை. "ஒரு விஷயம் சொல்லணும். லெமுவல் வர்றதுக்கு முன்ன சொல்லணும்."

"நல்ல சேதியா கெட்ட சேதியா?"

அவள் கம்பி வலையை விரலால் சுரண்டினாள்.

"கெட்ட சேதின்னா இன்னைக்கு வேண்டாம். வருஷத்து மொத நாள், இன்னும் மொத ஆளே வரல. அதுக்குள்ள வந்து காதுல ஈயத்தக் காய்ச்சி ஊத்தாத. நாளைக்குச் சொல்லு."

"நாளைக்குச் சொல்லி என்ன ஆகப்போவுது? எம் பொண்ணு டவுன் ஆபீஸுல வேல பாக்குறால்ல, அவ ஒரு காகிதத்தப் பாத்துருக்கா. அர்லீதா, ஒந் தம்பி..."

அதற்குள் கார் ஹாரன் சத்தம் கேட்டுவிட்டது. லெமுவலின் கார் எங்கள் மண் பாதையில் திரும்பியது. எனக்கு அப்புறம் வாஷ்டி ஏது, காகிதம் ஏது? கம்பி வலைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். லெமுவல் இறங்கினான், வெள்ளைச் சட்டை, டை எல்லாம் கட்டிக்கொண்டு. "வாஷ்டி அக்கா, புத்தாண்டு வாழ்த்து" என்றான். வாஷ்டி அவனை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள். பதில் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டாள். உள்ளே விடாத கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

லெமுவல் வாசல்படிக்கு வெளியே நின்றான்.

"அக்கா, நான் பின்பக்கமா வரேனே."

"ஏன்டா, ஒனக்கு என்ன கிறுக்கா? நீதான மொத ஆளு."

"இல்ல, ஷூவெல்லாம் சேறு..."

"சேறு கெடக்கு, வாடா."

நானே அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். எதை மறந்தாலும் இதை என்னால் மறக்க முடியவில்லை. உண்மை வாசலில் வந்து நின்றபோது காலை ஒடித்துவிடுவேன் என்று மிரட்டினேன். இவன் தயங்கி நின்றபோது கையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

உள்ளே வந்தவன் நேராக அடுப்படிக்குப் போனான். "வாசனையே ஆளத் தூக்குது" என்று சொல்லிக்கொண்டே மூடியைத் தூக்கினான். கை சுட்டது. மூடி பானைக்குள்ளேயே விழுந்தது. காராமணித் தண்ணீர் தெறித்து அவன் வெள்ளைச் சட்டையின் மார்பிலும் வயிற்றிலும் பழுப்பாக அப்பிக்கொண்டது.

"கரண்டி எங்க? கைய நீட்டு" என்றேன்.

"அறுபது வயசுல அடிக்கப் போறியா?"

"ஒனக்கு அம்பத்தஞ்சுதான். அடிக்கலாம்."

இருவரும் சிரித்தோம். ரான்சமின் பழுப்புக் கட்டம் போட்ட சட்டை ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவனுக்குத் தோளில் சரியாக இருந்தது, வயிற்றில்தான் பொத்தான் திணறியது. கறைபட்டதை வாங்கி நாற்காலி முதுகில் போட்டேன்.

"ஒடனே தண்ணில நனச்சாப் போயிரும்ல" என்றான்.

"இன்னைக்கா? நல்லாக் கேட்ட போ. புத்தாண்டுல துணி தொவச்சா வீட்டுல ஒரு ஆளு போயிருவாங்க. இருக்கறதே நீயும் நானும். நாளைக்குத் தொவச்சுத் தபால்ல அனுப்புறேன்."

"ஆமா ஆமா, வேண்டாம்" என்றான் அவசரமாக. அட்லாண்டாவில் முப்பது வருஷம் இருந்தும் அவனுக்கு அந்தப் பயம் போகவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

காராமணி பதமாக வெந்திருந்தது. விரலில் நசுக்கினால் மசிய வேண்டும், ஆனால் பானையில் உடையாமல் முழுசாக நிற்க வேண்டும். தாடையை வெளியே எடுத்துப் பிய்த்துப் போட்டேன். அரிசியை மூன்று தண்ணீரில் கழுவி, காராமணி வெந்த அந்தத் தண்ணீரிலேயே கொட்டி, விரலை விட்டுப் பார்த்தேன். அரிசிக்கு மேலே ஒரு கணு. மூடிக்கும் பானைக்கும் நடுவில் துணி கொடுத்து இறுக்கி மூடினேன். இனிமேல் கிளறக் கூடாது, திறக்கக் கூடாது. கிளறினால் களியாகிவிடும். லெமுவல் அதுவரை ஜன்னலருகே நின்று ஓடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பிட உட்கார்ந்தபோது ஜெபம் பண்ணு என்றேன். குடும்பத்து ஆண் அவன்தான். தலையைக் குனிந்துகொண்டான். "ஆண்டவரே, இந்தச் சாப்பாட்டுக்காக நன்றி. சமைச்ச கைக்காக நன்றி. எங்க முன்னோர்கள் விட்டுட்டுப் போன இந்த மண்ணுக்காக நன்றி" என்றான். ஆமென் என்றேன். கண் கலங்கிவிட்டது எனக்கு. அப்பா ஜெபம் பண்ணுகிற மாதிரியே இருந்தது.

நன்றாகத் தின்றான். இரண்டு தட்டு. கடைசியில் முறைப்படி மூன்று காராமணியைத் தட்டு ஓரத்தில் ஒதுக்கி வைத்தான், அதிர்ஷ்டத்துக்கு.

"அக்கா, கொஞ்சம் வெதக் காராமணி தரியா?"

என் காதையே நம்ப முடியவில்லை. எத்தனை வருஷம் கெஞ்சியிருப்பேன், ஒரு தொட்டியிலாவது போடேன்டா என்று. மண் என்றாலே மூக்கைச் சுளிப்பவன்.

"நாலாவது மாடியில எங்கடா போடுவ?"

"வேற வீடு பாத்துருக்கோம். பின்னாடி கொஞ்சம் எடம் இருக்கு."

"சொந்த வீடா?"

"ம்."

"அடப்பாவி! இத சாப்பிடறதுக்கு முன்னாடியே சொல்லிருந்தா இன்னொரு ரொட்டி சுட்டுருப்பேனே!" எழுந்துபோய் அவன் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தேன். முப்பது வருஷம் வாடகை வீடுகளில் இருந்தவன். என் தம்பிக்கு ஒரு வீடு. மனசு நிறைந்துபோய் அலமாரியிலிருந்து விதை ஜாடியை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தேன்.

அவன் கை நீட்டவில்லை. ஜாடியின் வாயில் கட்டியிருந்த ரிப்பனையே பார்த்தான்.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"ஓடைப் பக்கம் கெடந்துச்சு. அழகா இருக்குல்ல?"

"பிடுங்கிட்டியா?"

முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. ரிப்பன் கிடந்தது என்றுதானே சொன்னேன். குச்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே. தரையில் கிடப்பதை எடுப்பார்கள், பிடுங்க மாட்டார்கள்.

"எத பிடுங்கினேன்?" என்றேன்.

அவன் தட்டைப் பார்த்தான்.

"லெமுவல், எத பிடுங்கினேன்?"

"அக்கா, அது அளவெடுத்து அடிச்சது. பிடுங்கக் கூடாது."

"யாரு அளந்தா?"

 வாஷ்டி சொன்ன காகிதம் அப்போதுதான் மண்டையில் உறைத்தது. உட்கார்ந்துவிட்டேன். 

"கையெழுத்துப் போட்டியா?"

"என் பங்க மட்டும்தான் அக்கா. ஒன் பங்குக்கு ஒண்ணும் இல்ல. ஒன் வீட்டுப் பக்கமே வர மாட்டோம்னு ரிசார்ட் கட்டுற கம்பெனி ஆளு சொல்லிருக்கான். ஓடைப் பக்கம்தான் அவங்களுக்கு வேணும்."

"ஓடைப் பக்கம் ஒன் பங்குன்னு யாரு கோடு போட்டா?"

எங்கள் தீவில் உயில் எழுதுகிற வழக்கம் கிடையாது. எழுதினால் சாவை வா என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. கொள்ளுத்தாத்தா எழுதவில்லை, தாத்தா எழுதவில்லை, அப்பாவும் எழுதவில்லை. அதனால் பதினோரு ஏக்கரும் பிரிக்காமல் எங்கள் இரண்டு பேருக்கும் பொது. இந்த மரம் உன்னுடையது, அந்தப் பள்ளம் என்னுடையது என்று யாரும் சொல்ல முடியாது. ஒருவன் தன் பங்கை வெளியாளுக்குக் கொடுத்தால், வெளியாள் நேரே கோர்ட்டுக்குப் போவான். பிரிக்க வழியில்லை, மொத்தத்தையும் ஏலம் விடுங்கள் என்பான். ஏலத்தில் எங்களைப் போன்றவர்கள் கை தூக்க முடியுமா? தீவில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். லெமுவலுக்குத் தெரியாதா?

"வாஷ்டியோட சித்தப்பனும் தன் பங்க மட்டும்தான்டா வித்தான்" என்றேன். "இப்ப அங்க கோல்ஃப் ஆடுறானுங்க. பெத்த அம்மா கல்லறைக்குப் போறதுக்கு அவ கேட்டுல காவக்காரன்கிட்ட பேரெழுதிக் குடுத்துட்டு நிக்கிறா. நீதான அன்னைக்கு அவளக் கூட்டிட்டுப் போன? நீயும்தான பேரெழுதுன?"

"அது வேற கம்பெனி அக்கா."

கையில் கரண்டி இருந்திருந்தால் அடித்தே இருப்பேன்.

"எப்பப் போட்ட கையெழுத்து?"

"அக்டோபர்ல."

"அக்டோபர்ல." நவம்பரில் நன்றி சொல்லும் பண்டிகைக்கு வந்தான். வான்கோழியைத் தின்றான், என் வீட்டுக் கட்டிலில் தூங்கினான், போகும்போது ஒரு கூடைச் சர்க்கரைவள்ளி எடுத்துப் போனான். "அப்ப ஏன் சொல்லல?"

"சொல்ல வாய் வரல. இன்னைக்குச் சொல்லிரலாம்னுதான் வந்தேன்."

"எப்ப? சாப்பிட்டப்புறமா?"

அவன் தலை ஆட்டினான். ஆட்டியே விட்டான், பாருங்கள். சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தானாம்.

"மண்ணுக்காக நன்றின்னு ஜெபம் பண்ணியே. அத யாருக்குடா சொன்ன? ஆண்டவருக்கா, கம்பெனிக்கா?"

"அக்கா, நீ இங்க இருந்துட்ட. ஒனக்கு இது வீடு. எனக்கு இந்த மண்ணு என்ன குடுத்துச்சு? கொசுக்கடியும் சேறும்தான. எம் பொண்டாட்டி முப்பது வருஷமா அடுத்தவன் சுவத்துல ஆணி அடிக்கக் கேட்டுக்கிட்டு நிக்கிறா. நான் கேட்டா நீ ஒத்துக்கிட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்றைக்கும் அதை யோசித்துப் பார்க்கிறேன். முன்னாலேயே வந்து, அக்கா எனக்கு வீடு வேண்டும், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தால் கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், ஒரு மாசம் பேசாமல் இருந்திருப்பேன். அப்புறம் ஏதாவது வழி பார்த்திருப்பேன். அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். என்னிடம் கேட்க வாய் வராதவனுக்கு என் சோற்றைத் தின்ன மட்டும் எப்படி வாய் வந்தது? அதுதான் எனக்கு ஆறவில்லை. நிலம் போவதைவிட அதுதான் வலித்தது.

"அப்ப எதுக்குடா வெத கேட்ட?"

முதல் தடவையாக அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. "எங்கயாவது இருக்கட்டும்னுதான் அக்கா. இங்க அழிஞ்சு போச்சுன்னா..."

வீட்டுக்குத் தீ வைக்கிறவன் போட்டோவை மட்டும் சுவரிலிருந்து கழற்றிப் பத்திரமாக எடுத்துப் போவதைப் போல. அழிந்து போகும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. என் வீட்டுப் பக்கம் யாரும் வர மாட்டார்கள் என்று ஒரு நிமிஷத்துக்கு முன்னால் சொன்ன அதே வாய்தான். நான் ஜாடியைத் திரும்ப எடுத்து, ரிப்பனைப் பழையபடி இறுக்கி முடிந்து, அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

"சோறு வேணா கட்டித் தரேன்" என்றேன். "சமைச்சுட்டேன், நீயும் அதுக்கு ஆள்தான். வெத இந்த மண்ணோடது. அது இங்கதான் இருக்கும்."

அவன் சோறும் வேண்டாம் என்றான். எழுந்து கார்ச் சாவியை எடுத்தான். நாற்காலியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுக்கப் போனான். நான் முந்திக்கொண்டேன்.

"தொவச்சு அனுப்புறேன்."

"நாளைக்குத் தொவைக்க ஒனக்கு எதுக்குச் செரமம், நானே..."

"நாளைக்கு இல்ல. இன்னைக்கே."

அவனுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் முகம் சாம்பல் பூத்துவிட்டது.

"அக்கா, வேண்டாம்."

நான் பின் கதவைத் திறந்து முற்றத்துக்குப் போனேன். குழாயடியில் தகரத் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்தி வைத்துத் தண்ணீரைத் திறந்தேன். ஜனவரித் தண்ணீர், எலும்பைக் குத்தியது. அவன் பின்னாலேயே வந்தான், ரான்சமின் சட்டையில் பொத்தான் பிதுங்க.

"நான் செத்துப் போகணும்னு நெனக்கிறியா?"

"சே. நூறு வருஷம் இரு. புது வீட்டுல பொண்டாட்டி புள்ளையோட நல்லா இரு." சோப்புக் கட்டியை எடுத்தேன். "வீட்டுல ஒரு ஆளு போகும்னுதான் சொல்லுவாங்க. செத்துத்தான் போகணும்னு யாரும் சொல்லலியே."

"எங்கூடப் பொறந்தவ நீ ஒருத்திதான் இருக்க."

"அது அக்டோபர்ல ஞாபகம் வந்துருக்கணும்."

சட்டையைத் தண்ணீரில் அமுக்கினேன். அவன் "அக்கா" என்று கத்தினான், சின்னதில் நாய் துரத்தும்போது கத்துவானே, அதே குரல். என் கை ஒரு கணம் நின்றது உண்மைதான். பொய் சொல்ல மாட்டேன். நின்றது. அப்புறம் அவன் தலை ஆட்டினது ஞாபகம் வந்தது, சாப்பிட்டப்புறமா என்று நான் கேட்டபோது. தேய்க்க ஆரம்பித்தேன்.

அவன் கத்தினது சாலைக்கு அந்தப் பக்கம் வாஷ்டிக்குக் கேட்டுவிட்டது. வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஏடி, என்ன காரியம் பண்ற? இன்னைக்கு என்ன நாளுன்னு..."

"தெரியும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், லெமுவலைப் பார்த்தாள், தொட்டியில் கிடந்த சட்டையைப் பார்த்தாள். வேறெதுவும் கேட்கவில்லை. ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டுக்கொண்டு சட்டையின் மறு நுனியைப் பிடித்தாள். அவள் ஒரு பக்கம் முறுக்க, நான் ஒரு பக்கம் முறுக்கினேன். தண்ணீர் எங்கள் இரண்டு பேர் காலிலும் ஊற்றியது. கறை போகவில்லை. கொழுப்புக் கறை, குளிர்ந்த தண்ணீரில் எப்படிப் போகும்? போகட்டும் என்று நான் தேய்க்கவும் இல்லை.

முன்பக்கம் சாலையோரக் கொடியில் சட்டையைப் போட்டுக் கிளிப் மாட்டினேன். புத்தாண்டு நாளில் தீவு முழுக்க ஒரு கொடியிலும் ஒரு துணி இருக்காது. சர்ச்சிலிருந்து திரும்பிய இரண்டு கார்கள் எங்கள் வீட்டு முன்னால் வந்ததும் மெதுவாகப் போயின. லெமுவல் கடைசியாகப் போனான். சட்டைக்கு எதிரே வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்காமலே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு போய்விட்டான்.

வாஷ்டியை உள்ளே கூப்பிட்டுத் தட்டு வைத்தேன். காராமணிச் சோறு ஆறியிருந்தது, ஆனாலும் பருக்கை பருக்கையாக நின்றது. என் வாழ்நாளிலேயே நன்றாக வந்த பானை அதுதான். அதிலும் எனக்கு ஒரு கோபம். லெமுவல் ஒதுக்கி வைத்த மூன்று காராமணியைக் கோழிக்குப் போட்டேன்.

"காலையிலயே சொல்ல வந்தேன்டி" என்றாள் வாஷ்டி, வாயில் சோற்றோடு.

"வந்த."

"மொத ஆளு ஆம்பளயா இருக்கணும், ம்?"

"வாய மூடிக்கிட்டுத் தின்னு."

அவள் தின்றாள். நான் அழுதேன். அவள் பார்க்காத மாதிரி இன்னொரு ரொட்டியை எடுத்துப் பிய்த்துக்கொண்டாள்.

பிப்ரவரிக் கடைசியில் கோர்ட்டிலிருந்து காகிதம் வந்தது. விதை ஜாடி அலமாரியில்தான் இருக்கிறது. மே மாதம் விதைக்கத்தான் போகிறேன், அறுக்க விடுகிறார்களோ இல்லையோ. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தை இரண்டு தடவை படித்தேன். என் அப்பா ஜூலையின் நிலத்துக்கு உரியவர்கள் என்று போட்டு முதலில் என் பெயர் இருந்தது. அதற்குக் கீழே லெமுவலின் பெயரைத் தேடினேன். அங்கே கம்பெனியின் பெயர் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சட்டை இன்னும் கொடியில்தான் கிடந்தது, மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மார்பில் அதே கறையோடு.